முப்பத்தெட்டரை டிகிரி

பைசாந்து இறைச்சி ஆலையின் பின்கதவில்
காலை ஆறரைக்கு வில்மார் வாளியை நீட்டுவான்.
"பதினெட்டு மொச்சை, டாக்டர்."
நிபியா எண்ணுவாள். பதினேழு.
எப்போதும் ஒன்று கூட்டித்தான் சொல்வான்.
அந்த ஒன்று யாருடையதென்று
அவள் கேட்டதில்லை.

உப்புநீர், ஃபிளாஸ்க், முப்பத்தெட்டரை டிகிரி:
பசுவின் உடல்சூட்டைக் கடன்வாங்கி வைத்திருக்கிற இருட்டு.
உள்ளே சினைப்பைகள்,
எழவுச் செய்தி இன்னும் வந்துசேராத வீடுகள்,
வழக்கம்போல வேலையில் இருக்கின்றன.
தன் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து
பெல்ட் போட்டுவிடுகிறாள்.
ஜனவரி. இங்கே அது கோடையின் நடுமுதுகு.
வேனின் ஏசி போன வருஷமே செத்துவிட்டது.
இருபுறமும் யூகலிப்டஸ், ஒரே வயது, ஒரே உயரம்,
காகித ஆலைக்கு வரிசையில் நிற்கின்றன.

இருபத்தொரு நாள் சுற்று.
அதற்குள் இரண்டு அலையோ மூன்று அலையோ
கொப்புளங்கள் கூட்டமாக எழும்.
ஒன்றுதான் உடையும். மற்றவை
ஆளரவமில்லாமல் வற்றும்.
உடைந்த இடம் புண்.
புண் ஆறும்போது மஞ்சளாகும்.
அந்த மஞ்சளே ஒரு தொழிற்சாலை,
ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட்,
இடையில் தேநீர் கிடையாது.

புரதங்கள் நூலாக வந்து விழுகின்றன.
ஒவ்வொன்றும் மடிய வேண்டும்.
சரியாக மடிந்தது வேலைக்குப் போகும்.
மடியாதது வாசலில் குவியும்.
குவிந்தால் செல்லுக்குள் மணி அடிக்கும்:
புது நூலை நிறுத்து,
தாங்குகிற கைகளைக் கூப்பிடு,
கெட்டதைப் பொறுக்கித் தின்.
இத்தனை செய்தும் தீராவிட்டால்
மடி.

ஒரே சொல்தான்.
மடிவதும், மடிவதும்,
கன்று முட்டுகிற மடியும்.

மார்ச் மாதம் ஒரு மாலை
அனாஹி இருட்டறையிலிருந்து வந்தாள்.
"சூடு காட்டின தட்டு பச்சையாக எரிகிறது."
நல்லது.
"சூடு காட்டாததும்."

ஒப்பிட வைத்த தட்டு.
கிட்டத்தட்ட ஒப்புக்கு வைத்த தட்டு.
சும்மா இருப்பது ஒன்றுதான் அதன் வேலை.

ஃபிளாஸ்க் மூடியைத் திருப்பிப் பார்த்தார்கள்:
மயிரிழை விரிசல்.
வேனில் ஒரு தரம் வெறுமனே ஓட்டி
தெர்மாமீட்டரை எடுத்தார்கள். நாற்பத்தொன்று.
ஆறு வார உழைப்பு குப்பைக்கூடைக்கு.
அனாஹி கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு
அழுகைச் சத்தத்தை அதற்குள் ஊற்றினாள்.

புது ஃபிளாஸ்க். விடிவதற்கு முன்பே பயணம்.
மடியில் ஈரத்துணியோடு அனாஹி.
மறுபடியும் பச்சை.
கொஞ்சம் மங்கல், ஆனாலும் பச்சை.

அந்த நேரம் பார்த்து நிபியாவின் கழுத்தடியில்
ஒரு சூடு கிளம்பிக் காது வரை ஏறியது.
நாற்பத்தொன்பது வயது. அவளுக்கு இது பழக்கம்.
அனாஹி ஜன்னலைத் திறக்கப் போனாள்.
"விடு, வெளியிலிருந்து வரவில்லை" என்றாள்.
சொன்ன வாக்கியத்தைத்
தானே திரும்பிப் பார்த்தாள்.

மேய்ச்சலில் நின்ற பசு.
சுற்றின் பதினோராம் நாள்,
யாரும் துரத்தவில்லை, நிழலும் இருந்தது.
அப்போதும் அந்த மணி அடித்துக்கொண்டிருந்திருக்கும்,
பள்ளிக்கூடத்தில் பாடவேளைக்கு அடிப்பதைப்போல.
உருவாக்குகிற எதுவும்
தன் சூட்டைத் தானே மூட்டிக்கொள்கிறதோ.

கட்டுரையில் அப்படித்தான் எழுதினாள்.
பிறகு அடித்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்கதவில் வில்மாரைக் கேட்டாள்:
இந்தப் பசுக்கள் எங்கிருந்து?
"ஆர்தீகாஸ் பக்கம். ராத்திரி பூரா லாரி. நின்றபடியே."
தண்ணீர்?
அவன் வாளியைக் கை மாற்றிக்கொண்டான்.

நோட்டில் புதிதாக ஒரு கட்டம் வரைந்தாள்.
தலைப்பு: லாரியில் எத்தனை மணி நேரம்.
முதல் வரிசையில் பேனா நின்றது.
வாளியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.
எண்ணிக்கை சொல்ல
அவன் மறந்திருந்தான்.